மலையை விடாமல் ஊர் போவது

போன ஜூலையில் அம்மாவை லோனாவ்லா கூட்டிப்போயிருந்தேன். கண்டாலா பக்கம் பழைய ரோட்டில் ஒரு வளைவில் வண்டியை ஓரங்கட்டி, எதிர்ச்சரிவில் ஏழெட்டு அருவிகள் நூல் நூலாகத் தொங்குவதைக் காட்டினேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "ஏட்டி, இது நம்ம மலைதான?" என்று கேட்டாள்.

இங்கே எல்லோருக்கும் இது சஹ்யாத்ரி. பம்பாயில் செம்பூர் பள்ளிக்கூடத்தில் நானும் அப்படித்தான் படித்தேன். அம்மா பிறந்தது செங்கோட்டைக்கும் புளியரைக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். அங்கே அதற்குப் பெயரே கிடையாது, வெறும் மலைதான். தபதி ஆற்றுக்குத் தெற்கே தொடங்கி கன்னியாகுமரி வரை 1,600 கிலோமீட்டர் நீளும் ஒரே தொடர். 1977இல் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா அதன் அடுத்த கோடியில்தான் குடியிருக்கிறாள். வந்து இத்தனை வருஷம் கழித்து அந்தக் கேள்வி. "ஆமாம்மா, அதே மலைதான்" என்றேன். "அப்ப இது கூடவே போனா ஊரு வந்துருமா?" என்றாள்.

அன்றிலிருந்து நான் ரயில் அட்டவணையும் கையுமாக இருக்கிறேன்.

நாங்கள் ஊருக்குப் போகிற வழி எப்போதும் ஒன்றுதான். ராத்திரி தாதரில் ஏறுவோம். கர்ஜத்தில் வண்டி நிற்கும், மலையேற்றுவதற்குப் பின்னால் பேங்கர் இன்ஜின்களைச் சேர்ப்பார்கள். அவை வந்து முட்டுகிற குலுக்கல் தூக்கத்திலும் தெரியும். 1863இல் போட்ட பாதை அது, 37 அடிக்கு ஒரு அடி ஏறுகிறது. லோனாவ்லா வந்ததும் ஏற்றம் முடிந்தது, மலையும் முடிந்தது. விடிந்தால் சோலாப்பூர்ப் பக்கத்துக் கரிசல், அப்புறம் குண்டக்கல் வெயில். அதாவது முதல் ராத்திரியே, இருட்டிலேயே, மலையைத் தாண்டிப் பீடபூமிக்குள் போய்விடுகிறோம். நாற்பத்தொன்பது வருஷமாக அம்மா மலையை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டுத்தான் ஊருக்குப் போயிருக்கிறாள்.

மலை கூடவே போவதற்குக் கொங்கண் ரயில் பாதை ஒன்றுதான் வழி. ரோஹாவிலிருந்து மங்களூருக்குப் பக்கத்தில் இருக்கும் தோக்கூர் வரை சுமார் 740 கிலோமீட்டர். பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் கட்டி, 1998 ஜனவரி 26 அன்று முழுப் பாதையும் திறந்தார்கள். இந்தப் பாதை மலையேறுவதில்லை என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. மலையின் காலடியிலேயே ஓடுகிறது. மலை கடலைப் பார்த்து விரல் விரலாக இறங்குகிற இடத்திலெல்லாம் குடைந்துகொண்டும், இரண்டு விரலுக்கு நடுவில் ஆறு வந்தால் பாலத்தில் தாண்டியும் போகிறது. அப்படிக் குடைந்தது 91 இடத்தில். எல்லாவற்றையும் சேர்த்தால் 84 கிலோமீட்டருக்கு மேல் வரும். ரத்னகிரிக்கு முன்னால் வருகிற கர்புடே ஒன்று மட்டுமே ஆறரை கிலோமீட்டர். தெற்கே போகும்போது மலை முழுக்க இடதுகைப் பக்கம். இதை முதலில் மனசில் பதித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த கேள்வி எந்த வண்டி என்பது. வெளிச்சத்தை வைத்துத்தான் முடிவு செய்தேன். பகலில் பார்க்க மாண்டோவி எக்ஸ்பிரஸ் மாதிரி வேறு இல்லை. காலை 7.10க்கு பம்பாய் சிஎஸ்எம்டி ஸ்டேஷனில் கிளம்பி, ராத்திரிக்குள் கோவாவில் மட்காவ் போய்விடும். மஹாராஷ்டிரக் கொங்கண் முழுவதையும் கண்ணால் பார்த்துவிடலாம். ஆனால் மட்காவில் இறங்கி, மூட்டைகளோடு அடுத்த வண்டிக்குக் காத்திருந்து, படியேறி இறங்க வேண்டும். அம்மாவின் முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் நேத்ராவதி எக்ஸ்பிரஸ். குர்லா டெர்மினஸில் பகல் 11.40க்குக் கிளம்புகிறது. செம்பூரிலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். ஒரே ஏற்றம், அடுத்த நாள் கொல்லத்தில் ஒரே இறக்கம்.

இதில் ஒரு பயமும் உண்டு. ரத்னகிரி தாண்டினதும் பான்வல் ஆற்றுப் பாலம் வருகிறது, 64 மீட்டர் உயரம். அதை அம்மாவுக்கு வெளிச்சத்தில் காட்டியாக வேண்டும். ஜூலையில் அங்கே ஏழு மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும், வண்டி சாயங்காலம்தான் ரத்னகிரி வருகிறது, கணக்கு சரிதான். ஆனால் மழைக்காலத்தில் கொங்கண் பாதைக்குத் தனி அட்டவணை. வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். பலத்த மழை என்றால் 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது. சரிவிலிருந்து பாறையோ மண்ணோ தண்டவாளத்தில் விழுந்திருக்கிறதா என்று பார்க்க, கொட்டுகிற மழையில் ராத்திரி பகலாக ஆட்கள் நடந்துகொண்டிருப்பார்கள். நாம் ஜன்னலோரம் உட்கார்ந்து அருவி பார்ப்பது அவர்கள் நடக்கிற நடையால்தான். வண்டி தாமதமானால் நான் முகம் சுளிக்கப்போவதில்லை. பாலம் இருட்டில் போனால் போகட்டும்.

"மழையில எதுக்குக்கா? ஜனவரியில வாங்களேன்" என்றான் தென்காசியில் இருக்கிற தம்பி. ஜனவரியில் அந்த மலை காய்ந்து பழுப்பாக இருக்கும், ஒரு அருவி இருக்காது. ஊரிலும் சாரல் இருக்காது. ஜூன் முதல் தேதி வாக்கில் கேரளத்தில் தொடங்குகிற மழைதான் பத்து நாளில் நடந்து நடந்து பம்பாய் வருகிறது. நாங்கள் அது வந்த வழியே திரும்பிப் போகப்போகிறோம். அதனால் ஜூலை இரண்டாவது வாரம். அதில் மாற்றமில்லை.

முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது, முன்பு 120 நாள் இருந்தது. புதன்கிழமை காலை எட்டு மணிக்கு முன்பே உட்கார்ந்துவிட்டேன். வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கீழ்ப் படுக்கைக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. 60 ஆனவர்களுக்கும், 45 ஆன பெண்களுக்கும் அது பொருந்தும். ஆனால் ஒரு டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, இரண்டு பேருமே தகுதிக்குள் வர வேண்டும். அம்மாவுக்கு 70, எனக்கு 46. இரண்டு கீழ்ப் படுக்கையும் எதிரெதிரே கிடைத்தன. கல்லூரியில் படிக்கும் என் மகளையும் அதே டிக்கெட்டில் சேர்த்திருந்தால் இந்த ஒதுக்கீடு கிடைத்திருக்காது. அவள் தேர்வு முடிந்து தனியாக வருகிறாள்.

ஏசியா ஸ்லீப்பரா என்று வீட்டில் இரண்டு நாள் பேச்சு. எனக்கு ஏசிதான் தோன்றியது, ராத்திரி அம்மா நிம்மதியாகத் தூங்குவாள் என்று. அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "கண்ணாடி வழியா மலையப் பாக்கவா அம்புட்டுத் தூரம் போறோம்?" அவள் சொன்னது சரி. ஏசிப் பெட்டியின் கண்ணாடி மங்கல், மழை பெய்தால் அதில் தண்ணீர் வழிவது மட்டும்தான் தெரியும். இந்தப் பாதைக்கு ஸ்லீப்பர்தான் என்று இப்போது நானும் உறுதியாகச் சொல்வேன். திறந்த ஜன்னலில் ஈர மண் வாசமும், குடைவுக்குள் நுழைந்ததும் சட்டென்று முகத்தில் அடிக்கிற குளிர்ந்த காற்றும் வரும். சாரல் அதிகமானால் ஷட்டரை இறக்கிக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் முன்கூட்டித் தெரிந்துகொள்ள முடியாது. பெட்டியை எந்தப் பக்கம் திருப்பிக் கோத்திருப்பார்கள் என்பதைப் பொறுத்து எங்கள் ஜன்னல் மலைப் பக்கமும் வரலாம், கடல் பக்கமும் வரலாம். கடல் பக்கமாகிவிட்டால், எதிரே சைடு லோயரில் இருப்பவர்களிடம் அம்மாவுக்காக இரண்டு மணி நேரம் கேட்டுப்பார்க்க வேண்டும். இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவி வாழையிலையில் கட்டுகிறபோது அவர்களுக்கும் சேர்த்தே கட்டச் சொல்லியிருக்கிறாள் அம்மா.

கோவா, கார்வார் எல்லாம் ராத்திரியில் கடந்துபோகும். விடிந்தால் கேரளம். அங்கே மலை கொஞ்சம் விலகியே இருக்கும், ஷொரனூரில் பாலக்காட்டுக் கணவாய்க்கு வழிவிட்டு இன்னும் தள்ளிப்போகும். சாயங்காலம் கொல்லம்.

இங்கேதான் தம்பிக்கும் எனக்கும் நிஜமான சண்டை. ராத்திரியே பாலருவி எக்ஸ்பிரஸ் இருக்கிறது, அதில் ஏறினால் விடியுமுன் ஊர் வந்துவிடலாம், எதற்கு ரூம் வாடகை என்கிறான். பாலருவி நள்ளிரவுக்கு மேல்தான் மலையைத் தாண்டுகிறது. கொல்லத்தில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் நண்பகல் வாக்கில் கிளம்புகிற சென்னை வண்டியில் ஏறினால் பட்டப்பகலில் தாண்டலாம். இந்தப் பயணமே அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான். அதை இருட்டில் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு மனசு வராது.

புனலூரிலிருந்து செங்கோட்டைக்கு 49 கிலோமீட்டர். 1904இல் மீட்டர் கேஜாகத் திறந்த பாதை. சென்னைப் பட்டணத்திலிருந்து வருகிற கொல்லம் மெயில் இந்த வழியாகத்தான் போகும். அம்மாவின் அத்தைக்குப் புனலூரில் வீடு. லீவு விட்டால் தாத்தா கூட்டிப்போவார். கரிவண்டி. குகை வரப்போகிறது என்றால் பெட்டி முழுக்க ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்குமாம். தாத்தா தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அம்மாவின் முகத்தில் போர்த்துவார், புகை மூக்கில் ஏறாமல் இருக்க. "துண்டுக்குள்ள இருந்தே சத்தத்த வச்சு எந்தக் குகைன்னு சொல்லிருவேன்" என்கிறாள். பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவில் இருக்கிற பெரிய குகையில் இந்தப் பக்கம் நுழையும்போது சாரலாக இருக்கும், அந்தப் பக்கம் வெளியே வந்தால் அடைமழையாக இருக்கும். அந்தக் கணவாய் வழியாகத் தப்பி வருகிற மழைதான் நம் பக்கத்துச் சாரல் என்று பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தராமலே அம்மா அந்த வயதில் தெரிந்துவைத்திருக்கிறாள்.

அகலப்பாதை ஆக்குவதற்காக 2010இல் அந்த வழியை மூடினார்கள். 2018இல்தான் திரும்ப வண்டி விட்டார்கள். கழுதுருட்டியில் ரோட்டை ஒட்டி நிற்கிற பதின்மூன்று கண் கல்பாலத்தை இடிக்காமல் பலப்படுத்தி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கே கண் கலங்கியது. இப்போதும் அந்த ஏற்றத்தில் வண்டிக்குப் பின்னால் ஒரு இன்ஜின் கொடுத்துத் தள்ளுகிறார்கள். இதை அம்மாவிடம் சொன்னேன். "கர்ஜத்துல முட்டுமே, அதே மாதிரியா?" என்றாள். அதே மாதிரிதான்.

டிக்கெட் இரண்டும் கைக்கு வந்த அன்று சாயங்காலம் அம்மா அடுக்களையில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். புளி ஆய்ந்தபோது எடுத்த கொட்டைகளைக் கழுவிக் காயவைத்திருக்கிறாள். ஒரு சுருக்குப்பையில் 91 எண்ணிப் போட்டாயிற்று. ஒவ்வொரு குடைவு தாண்டினதும் ஒரு கொட்டையை இன்னொரு பைக்கு மாற்றுவாளாம். ராத்திரியில் வருகிறவற்றை எப்படி எண்ணுவாய், தூங்கமாட்டாயா என்றேன். "சத்தம் மாறுமே, முழிச்சிக்கிருவேன்" என்றாள்.

முந்தானையில் தனியாக இன்னும் ஐந்து கொட்டை முடிந்துவைத்திருந்தாள். அவை செங்கோட்டைப் பாதைக்கு.