எங்கள் குற்றவியல் சார்

எங்கள் குற்றவியல் பேராசிரியர் காலமாகிவிட்டார். செய்தி வந்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

முதல் வகுப்பிலேயே கேட்டார்: "மனிதன் ஏன் குற்றம் செய்கிறான் என்பது இருக்கட்டும். பெரும்பாலானவர்கள் ஏன் செய்வதில்லை?" 1969இல் அமெரிக்கக் குற்றவியலாளர் டிராவிஸ் ஹிர்ஷி முன்வைத்த சமூகப் பிணைப்புக் கோட்பாட்டுக்குள் அப்படித்தான் எங்களைக் கூட்டிப்போனார். சமூகத்தோடு உள்ள பிணைப்புகள்தான் மனிதனைக் குற்றத்திலிருந்து தடுக்கின்றன என்கிறது அது. கரும்பலகையில் ஒரு சிறுவனை வரைந்து, அவனிடமிருந்து நான்கு கோடுகள் இழுப்பார். பற்று, கடப்பாடு, ஈடுபாடு, நம்பிக்கை. அப்புறம் ஒவ்வொன்றாக அழிப்பார். கடைசிக் கோடும் போனதும், கையில் சாக்பீஸ் தூளோடு அந்தப் பையனையே பார்த்துக்கொண்டு நிற்பார். வகுப்பில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது.

ஹிர்ஷி சொன்ன நம்பிக்கை, சமூக விதிகள் நியாயமானவை என்ற எண்ணம். அதைக் கடவுள் நம்பிக்கை என்று எழுதியிருந்தேன். "இரண்டும் வேறு" என்று சிவப்பு மையில் திருத்தினார். தினமும் பிரார்த்தனை செய்யாமல் வகுப்புக்கு வராத மனிதர் அவர்!

சிறைக்கு எங்களை அழைத்துப்போனபோது வாசலில் ஒரு நிமிடம் கண்மூடி நின்றார். உள்ளே யாரிடமும் வழக்கைப் பற்றிக் கேட்கவில்லை. "வீட்டிலிருந்து யாராவது பார்க்க வருகிறார்களா?" என்றுதான் கேட்டார். "இல்லை" என்றவரிடம் அதிக நேரம் உட்கார்ந்திருந்தார்.

மாலையில் எந்தக் கூட்டமானாலும் சீக்கிரம் எழுந்துவிடுவார். "வீட்டில் காத்திருப்பார்கள்" என்பார், அவ்வளவுதான்.

இன்று சாரின் மனைவியிடம் பேசினேன். போன வாரம்கூடப் பேத்தியின் வீட்டுப்பாடத்தைத் திருத்திக் கொடுத்தாராம். அதே சிவப்பு மையில்.