பாய்லருக்குப் பின்னால் பெரிய சக்கரம்

ஜெர்மனியின் நியூரம்பெர்க் ரயில்வே அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டைத் தேடித்தான் வருகிறார்கள். ஒன்று, 1835-ல் இந்த ஊரிலிருந்து ஃபூர்த்துக்கு ஓடிய ஆட்லர் இன்ஜினின் நகல். இன்னொன்று, பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக்கின் சொகுசு ரயில் பெட்டி. மன்னரின் பெட்டி கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்கிறது, செல்ஃபிக் கூட்டமும் அங்கேதான். நான் நகராமல் நின்றது ஃபீனிக்ஸ் முன்னால். 1863-ல் கார்ல்ஸ்ரூ நகரில் செய்து, அப்போது தனி ஜெர்மன் நாடாக இருந்த பாடனின் அரசு ரயில்வேயில் ஓடிய நீராவி இன்ஜின் அது.

முதல் பார்வையில், யாரோ சக்கரத்தை இடம் மாற்றிப் பூட்டிவிட்டார்களோ என்று தோன்றும். ஆட்லரில் பெரிய சக்கரம் நடுவில் இருக்கும். இதில் இரண்டு மீட்டரைத் தாண்டும் சக்கரங்கள் கடைசியில், பாய்லரைச் சூடாக்கும் நெருப்புப் பெட்டிக்கும் பின்னால் நிற்கின்றன. முன்பக்கம் முழுக்கச் சின்னச் சக்கரங்கள்.

பிஸ்டன் ஒருமுறை போய்வந்தால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். சக்கரம் இவ்வளவு பெரிதென்றால் ஒரு சுற்றுக்கே ஆறு மீட்டருக்கு மேல் ஓடிவிடலாம். ஆனால் அதை பாய்லருக்கு அடியில் வைத்தால், அச்சுக்கு இடம்விட்டு பாய்லரை மேலே தூக்க வேண்டும். கனம் மேலே போனால் வண்டி குடைசாய்ந்துவிடும் என்று அந்தக் காலத்துப் பொறியாளர்கள் பலர் பயந்தார்கள். அதற்கு இங்கிலாந்துக்காரர் தாமஸ் கிராம்ப்டன் கண்ட வழி, அச்சையே பாய்லருக்குப் பின்னால் தள்ளிவிடுவது. 1842-ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். ஃபீனிக்ஸ் அந்த வகைதான். சொந்த ஊரில் பெரிதாக எடுபடவில்லை, பிரான்சும் ஜெர்மன் நாடுகளும்தான் கொண்டாடின.

பயம் வீண் என்பது பிறகு தெரிந்தது. உயரமான பாய்லர் வைத்த இன்ஜின்களும் ஒழுங்காகவே ஓடின. கிராம்ப்டன் வகை இன்ஜின்களின் சிக்கல் வேறு. பாய்லரின் கனத்தில் பெரும்பகுதி முன்சக்கரங்கள் மேல் உட்கார்ந்துவிடும், இழுக்கிற சக்கரத்துக்குப் பிடிமானம் போதாது. கனமான ரயிலைக் கிளப்பும்போது சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கும். ரைன் பள்ளத்தாக்கின் சமதளத்தில் நாலைந்து லேசான பெட்டிகளோடு பறக்க இது போதும். பெட்டிகள் கூடக் கூட, ஒன்றோடொன்று கோத்துச் சேர்ந்தே இழுக்கும் சக்கரங்கள் கொண்ட இன்ஜின்கள் வந்து இதை ஓரங்கட்டின.

பாடன்காரர்களுக்குத் தனிவழி புதிதில்லை. 1840-ல் மான்ஹைம்–ஹைடல்பெர்க் பாதையை 1600 மில்லிமீட்டர் அகலத்தில் போட்டார்கள். அக்கம்பக்கத்தில் எல்லாம் 1435. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து வந்த பாதை ஹைடல்பெர்க்கில் வந்து சேர்ந்தபோது, சரக்கை இறக்கி ஏற்ற வேண்டிய தலைவலி. 1854–55-ல் தண்டவாளத்தையும் வண்டிகளையும் மொத்தமாகக் குறுக்கினார்கள். அரசாங்கப் பிடிவாதத்துக்கு எந்த ஊரில்தான் செலவு இல்லை!

இன்னொன்று. ஃபீனிக்ஸ் வெளிவந்த மறுவருடம் அதே கார்ல்ஸ்ரூ தொழிற்சாலையில் 19 வயதுப் பையன் ஒருவர் ஃபிட்டர் வேலைக்குச் சேர்ந்தார். அப்பா பாடன் ரயில்வேயில் இன்ஜின் டிரைவர், பையனுக்கு விவரம் தெரியும் முன்பே நிமோனியாவில் இறந்துபோனவர். பையன் பெயர் கார்ல் பென்ஸ்.

அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மெயின் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம், ஓபரா ஹவுஸ் பக்கம்தான்.