சிவப்புக் கம்பளிப் பந்து

ஒன்றேகால் வயது ஆகியும் தவழவில்லை என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். மதுரைப் பக்கத்தில் ஒரு சிறு மையத்தில் பிசியோதெரபிஸ்டாக எனக்கு அது இரண்டாவது வருடம். பிள்ளை ஏழாம் மாதத்திலேயே பிறந்தவன். ஒன்பது மாதத்தில் உட்கார்ந்துவிட்டான். பிடித்து நிறுத்தினால் நிற்பான். தசையில் இறுக்கம் இல்லை, தொய்வும் இல்லை. குப்புறப் போட்டால் மட்டும் முகத்தைப் பாயில் புதைத்துக்கொண்டு வீறிட்டு அழுவான். குறைமாதப் பிள்ளை, கொஞ்சம் தாமதமாகத்தான் வரும் என்று எழுதிவிட்டு, தோளுக்கும் கைக்கும் ஆறு வாரம் பயிற்சி கொடுத்தேன். ஒரு முன்னேற்றமும் இல்லை.

எங்களோடு வேலை பார்த்த சிறப்பாசிரியர் அக்கா ஒருநாள் வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து சிவப்புக் கம்பளிப் பந்தை எடுத்து அவன் முகத்துக்கு நேரே மெல்ல ஆட்டினார். கண் பின்தொடரவில்லை. பிறகு கை வளையலைக் குலுக்கினார். கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே அடங்கிப்போனான். "பாத்தியாப்பா, கேக்குறான். நாம இவன் காலையே பாத்துக்கிட்டு இருந்திருக்கோம்" என்றார். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்புவான், குரல் கேட்டால் சிரிப்பான். அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை, எனக்கு வந்திருக்க வேண்டும். கண் மருத்துவரிடம் அனுப்பினோம். குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரைப் பாதிப்பு. பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்திருக்க வேண்டும், யாரும் பார்க்கவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குப்புறக் கிடக்கும் பிள்ளை ஏன் தலையைத் தூக்குகிறது? எதிரே அம்மா முகம் தெரிகிறது. தூக்கித் தூக்கித்தான் கழுத்தும் தோளும் உரமேறுகின்றன. அப்புறம் தள்ளிக் கிடக்கும் சொப்பு கண்ணில் படுகிறது, எட்டிப் பிடிக்க உடம்பு நகர்கிறது. இவனுக்கு அப்படிக் கூப்பிட எதுவுமே இல்லை. அமெரிக்காவில் குழந்தை உளப்பகுப்பாய்வாளர் செல்மா ஃப்ரைபெர்க் பார்வையற்ற பத்துக் குழந்தைகளைக் கூடவே இருந்து கவனித்து எழுதியதும் இதைத்தான்: உட்காருவதும் நிற்பதும் ஏறக்குறைய உரிய மாதத்தில் வந்துவிடும், தவழ்வதும் நடப்பதும்தான் பிந்தும். சத்தம் வரும் இடத்தில் ஒரு பொருள் இருக்கிறது என்று புரிந்து கை நீட்டவே முதல் வயது முடியப்போகும் நேரம் ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் தவழ்தல்.

நிற்பதில்கூடக் கண்ணுக்குப் பங்கு உண்டு. 1974-இல் லீ, ஆரன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், தரையை அசைக்காமல் அறையின் சுவர்களை மட்டும் நகர்த்திப் பார்த்தார்கள். புதிதாக நிற்கப் பழகிய குழந்தைகள் தள்ளாடினார்கள், சிலர் விழுந்தே விட்டார்கள். காலுக்குக் கீழே எதுவும் அசையவில்லை, கண்ணை நம்பித்தான் விழுந்தார்கள்.

சரி, என்ன செய்தோம்? பாயை விட்டுவிட்டு அம்மாவின் நெஞ்சின் மேல் குப்புறப் படுக்கவைத்தோம். அம்மா பேசப் பேச, குரல் வரும் முகத்தைத் தொட அவனே தலையைத் தூக்கினான். மெல்லிய பிளைவுட் பலகைக்கு நான்கு ஓரமும் கட்டை அடித்து, தரையிலிருந்து சற்று உயர்த்தி, அதில் உட்காரவைத்தோம். காலை ஆட்டினால் பலகை முழுக்க அதிரும். பார்வையற்ற பிள்ளைகளோடு வேலை பார்த்த டென்மார்க்கின் லில்லி நீல்சன் சொல்லிக்கொடுத்த வழி அது. தன் அசைவுக்குப் பதில் வருகிறது என்று தெரிந்ததும் அவன் உதைத்த உதையை நான் மறக்கவே மாட்டேன்.

நடைவண்டி யோசனை அவன் அப்பத்தாவுடையது. பரணில் கிடந்ததைத் துடைத்து எடுத்து வந்திருந்தார். எனக்கு முதலில் பயம்தான், ஆனால் அதைவிடப் பொருத்தமான சாதனம் கிடைத்திருக்காது. தடை எதுவானாலும் வண்டிதான் முதலில் இடிக்கும், பிள்ளை இடிக்க மாட்டான். பின்னாளில் வெள்ளைக்கோல் செய்யப்போகும் வேலையும் இதுவேதான்.

இப்போது நடை வரவில்லை, தவழவில்லை, படி இறங்கும்போது காலால் துழாவுகிறான் என்று யார் வந்தாலும் நான் முதலில் எடுப்பது அந்தச் சிவப்புப் பந்தைத்தான். பிறகுதான் முட்டியைத் தொடுகிறேன்.

இரண்டு வயது தாண்டி, ஒரு செவ்வாய்க்கிழமை அவன் எங்கள் மையத்தின் தாழ்வாரத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். சுவரில் இடித்தது. நின்றான். ஒரு கையை எடுத்துச் சுவரைத் தடவினான். அந்தக் கோடியில் அப்பத்தா எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டான், வண்டியைத் தூக்கித் திருப்பிக்கொண்டு கிளம்பினான்.