அலகைவிட முதுகு முக்கியம்

மடக்குக்கத்தி வாங்கப் போகிற எல்லோரும் முதலில் அலகைத்தான் பார்க்கிறார்கள். என்ன எஃகு, எவ்வளவு நீளம், எவ்வளவு கூர். நான் கத்தியைத் திருப்பி முதுகைப் பார்ப்பேன். கூர் போனால் கல்லில் தீட்டிக்கொள்ளலாம். முதுகில் இருக்கிற ஸ்பிரிங் சரியில்லை என்றால் அந்தக் கத்தியோடு காலம் தள்ள முடியாது.

பழைய பாணிக் கத்திகளில் பெரும்பாலானவற்றுக்கு, விரித்த அலகை மடங்காமல் பிடிக்கும் பூட்டு கிடையாது. பிடியின் முதுகு நெடுக ஓர் எஃகுப் பட்டை ஓடும். அதுதான் ஸ்பிரிங். அலகின் அடியைச் சதுரம் போல இழைத்திருப்பார்கள். அதன் தட்டையான பக்கம் பட்டைமேல் வந்து உட்காரும்போது அலகு அங்கேயே நிற்கும். விரித்தால் ஒரு நிறுத்தம், மடக்கினால் ஒரு நிறுத்தம். சில கத்திகளில் பாதி வழியில், பிடிக்குச் செங்குத்தாக, இன்னொரு நிறுத்தமும் உண்டு. கத்தி மூடும்போது விரல்மேல் விழாமல் இருக்க அது உதவும் என்று சிலர் அதை விரும்பித் தேடுகிறார்கள். எனக்கு அது இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

இந்தக் கத்திகளைச் சேகரிப்பவர்கள் 'வாக் அண்ட் டாக்' என்று ஒன்றைச் சொல்வார்கள். அலகு தயங்காமல் நடக்க வேண்டும், போய்ச் சேர்ந்ததும் 'டக்'கென்று பேச வேண்டும். அந்தச் சத்தம் இல்லாத கத்தி எனக்கு ஒத்துவராது. அதற்காக இரும்புப் பிடியாய்ப் பிடிக்கிற ஸ்பிரிங்கும் வேண்டாம். நகம் வைத்து இழுக்கும் பள்ளத்தில் நகமே பெயர்ந்துவிடும் அளவுக்கு இறுக்கமாக இருந்தால், அந்தக் கத்தி பெட்டியிலேயேதான் கிடக்கும். அப்புறம் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். பட்டைக்கும் பக்கத் தகடுக்கும் நடுவே ஒளிக்கீற்று தெரியக் கூடாது. விரித்த நிலையிலும் மூடிய நிலையிலும் முதுகைத் தடவினால் மேடு பள்ளம் தட்டக் கூடாது. கையால் செய்கிற வேலைதான், எல்லாக் கத்தியிலும் இது அமையாது. அமைந்த ஒன்று கிடைத்தால் அலகு என்ன எஃகு என்று நான் கேட்பதில்லை.

ஒரு ஸ்பிரிங்கை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்பதற்கு கார்ல் எல்ஸனர்தான் சரியான உதாரணம். சுவிட்சர்லாந்தின் இபாக்கில் 1884-ல் பட்டறை தொடங்கியவர். 1891-ல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார். உறுதியான கத்திதான், ஆனால் கனம். 1897-ல் அவர் கொண்டுவந்த அதிகாரிகள் கத்தியில், ஒரே முதுகுப் பட்டை இரண்டு பக்கத்துக் கருவிகளையும் தாங்கும்படி அமைத்தார். மேலே அலகு, கீழே கார்க் திருகி, நடுவே அதே ஸ்பிரிங். இன்று பலர் பையில் இருக்கிற சிவப்புக் கத்தியின் ரகசியம் அவ்வளவுதான். அதை 'டூல்' என்று ஒதுக்கும் சேகரிப்பாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதுவும் நம் குடும்பத்துக் கத்திதான்.

ஸ்பிரிங்கே இல்லாத இரண்டும் என்னிடம் இருக்கின்றன. முதுகு முதுகு என்று சொல்லிவிட்டு இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒன்று ஜப்பானின் ஹிகோனோகாமி. மடித்த தகடுதான் பிடி, உராய்வில் நிற்கிற அலகு, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு வால். அந்த வாலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டால் உங்கள் கைதான் பூட்டு. பென்சில் சீவ இதைவிட நல்ல கத்தியை நான் பார்த்ததில்லை. இன்னொன்று ஒப்பினெல். பிரான்சின் சவோய் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890-ல் தொடங்கியது. திருகும் வளையப் பூட்டு 1955-ல்தான் வந்தது. மரப்பிடி ஈரம் பட்டால் ஊதி அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும். அப்போது வளையத்தைத் திறந்து, பிடியின் பின்நுனியை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு தானாக எட்டிப் பார்க்கும். அந்த ஊர்க்காரர்களின் பழைய வழி அது.

தினமும் பையில் எடுத்துப்போவது பெரும்பாலும் ஸ்டாக்மேன் என்கிற வகைக் கத்திதான். மூன்று அலகு. நீண்ட முனையுள்ளது பொதுவேலைக்கு. நேர்விளிம்புள்ளது பார்சல் டேப்புக்கு, முனை குத்தாது என்பதால். மூன்றாவதான 'ஸ்பே' கால்நடைகளுக்குக் காயடிக்க வடிவமைத்தது. நான் அதில் கடித உறைதான் கிழிக்கிறேன். அமெரிக்காவின் கேஸ் நிறுவனத்துக் கத்தி என்றால் மாடல் எண்ணிலேயே பாதி விவரம் இருக்கும். 6318 என்றால், 6 செதுக்கிய எலும்புப் பிடி, 3 அலகுகளின் எண்ணிக்கை, 18 வடிவம். 1970-ல் அலகின் அடியில் பத்துப் புள்ளி குத்தினார்கள், பிறகு ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். ஏழு புள்ளி இருந்தால் 1973-ல் செய்தது. பூதக்கண்ணாடியும் கையுமாக ஒரு மாலையைக் கழிக்க வேறென்ன வேண்டும்?

பூட்டில்லாததில் ஒரு நன்மை, பக்கத்தில் இருப்பவர் பதறுவதில்லை. ஒரு கையில் 'சரக்'கென்று திறக்கிற நவீனக் கத்தியை எடுத்தால் எதிரே இருப்பவர் நாற்காலியைத் தள்ளிப் போடுகிறார். இதையோ இரண்டு கையாலும் நிதானமாகத் திறந்தால், 'தாத்தா வைத்திருந்தார்' என்று கதை சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். சட்டமும் சில இடங்களில் இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது. பிரிட்டனில் வெட்டு விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக்கத்தியைப் பொது இடத்தில் காரணம் சொல்லாமலே வைத்திருக்கலாம். பூட்டு இருந்தால் தகுந்த காரணம் வேண்டும். விதி ஊருக்கு ஊர் மாறும், போகும் இடத்து விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். விமானம் என்றால் பேச்சே இல்லை, பெட்டியோடு கீழே போக வேண்டியதுதான்.

பராமரிப்பு அதிகமில்லை. பையிலிருக்கும் பஞ்சும் நூலும் அலகுப் பள்ளத்தில் சேரும், பல்குச்சியால் எடுத்துவிடலாம். அலகு சுழலும் ஆணியில் ஒரு சொட்டு மினரல் ஆயில் போதும். சமையல் எண்ணெய் விட்டால் நாளடைவில் பிசினாகிவிடும். கார்பன் எஃகு அலகு பழம் நறுக்க நறுக்கச் சாம்பல் நீலமாக மாறும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். அந்தப் படலம் செந்துருவைக் கொஞ்சம் தள்ளிப்போடும்.

தோல் உறையில் போட்டு வருடக்கணக்கில் வைக்க வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்து அலகைத் துருவேற்றும். செல்லுலாய்டு என்ற பழைய காலத்து பிளாஸ்டிக்கில் பிடி போட்ட கத்தி இருந்தால் அதை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் மூடாதீர்கள். செல்லுலாய்டு சிதையும்போது வெளிவருகிற ஆவி பக்கத்துக் கத்திகளையும் அரித்துவிடும். நான் அவற்றைத் தனியாக, காற்றுப் படும்படி அலமாரியில் வைத்து, அவ்வப்போது வெடிப்போ ஒட்டும் பிசுக்கோ தெரிகிறதா என்று பார்க்கிறேன். தெரிந்தால் அந்தப் பிடியைக் கழற்றி எறிந்துவிட வேண்டியதுதான்.