ரோட் ராக்ஸ் விலக்கும் இருபது மீற்றர் கேள்வியும்

எங்கள் காருக்கு நாங்கள் இப்போது ரோட் ராக்ஸ், அதாவது வாகன வரி, கட்டுவதில்லை. கணவருக்குப் பக்கவாதம் வந்தபிறகு கிடைத்த விலக்கு அது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலிலும் கோயில் கார் தரிப்பிடத்திலும் எத்தனையோ பேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி இதைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். குரலைத் தாழ்த்துவதற்கு இதில் ஒன்றும் இல்லை. சட்டப்படி உள்ள உரிமை. ஆகவே எல்லோருக்கும் பொதுவாக இங்கே எழுதிவிடுகிறேன். நாங்கள் இருப்பது லண்டனில், ஹரோ பக்கம்.

கேட்பவர்களில் அரைவாசிப் பேர் தொடங்குவதே "புளூ பாட்ஜ் இருக்குத்தானே அக்கா, பிறகென்ன?" என்றுதான். புளூ பாட்ஜ் கவுன்சில் தருகிற தரிப்பிட அட்டை. அதைக் காட்டி வரி விலக்கு எடுக்க முடியாது. வரி விலக்குக்குப் பார்ப்பது பிப் (PIP) என்ற, உடல் இயலாமை உள்ளவர்களுக்கு அரசு தருகிற கொடுப்பனவின் மொபிலிற்றி, அதாவது நடமாட்டப் பகுதியை. பிப்பில் இரண்டு பகுதி உண்டு: அன்றாட வாழ்க்கைக்கு ஒன்று, நடமாட்டத்துக்கு ஒன்று. நடமாட்டப் பகுதியில் 12 புள்ளி கிடைத்தால் கூடிய வீதம், காருக்கு முழு விலக்கு. 8 முதல் 11 வரை என்றால் சாதாரண வீதம், வரியில் பாதி. அன்றாட வாழ்க்கைப் பகுதியில் எத்தனை புள்ளி எடுத்தாலும் கார் வரிக்கு அது உதவாது. வருமானம், சேமிப்பு, வேலைக்குப் போகிறீர்களா இல்லையா என்பதெல்லாம் இதில் பார்ப்பதே இல்லை. "நாங்கள் ரெண்டு பேரும் உழைக்கிறம், எங்களுக்குத் தரமாட்டினம்" என்று விண்ணப்பிக்காமலே இருக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்களை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்காது.

என் கணவருக்கு 2021 மார்கழியில் பக்கவாதம் வந்தது. அப்போது வயது 51. இடது கையும் காலும் போய்விட்டன. கால் கொஞ்சம் திரும்பி வந்தது, கை வரவில்லை. லண்டனுக்கு வந்த நாளிலிருந்து எங்கும் தானே ஓட்டிக்கொண்டு போன மனிதர் அவர். பழைய வொக்ஸ்ஹோல் சஃபீரா, டீசல். அதை நான் ஓட்டத் தொடங்கினேன். அடுத்த கோடையில் பிப்புக்கு விண்ணப்பித்தோம். பல மாதங்கள் கழித்து, மதிப்பீடு செய்பவர் தொலைபேசியில் எடுத்தார். எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்று கேட்டார். என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "மூலைக்கடை வரைக்கும் நடந்து போவன்."

பொய் இல்லை. போவார். ஆனால் கையில் தடி வேண்டும். பக்கத்து வீட்டு மதிலில் ஒருமுறை, விளக்குக் கம்பத்தில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கவேண்டும். முழங்கால் பின்னுக்கு மடியும், நான் பிடிக்கவேண்டும். திரும்பி வந்தால் அன்று பின்னேரம் முழுக்கக் கட்டில்தான். இதில் ஒன்றையும் அவர் சொல்லவில்லை. எங்கள் ஆம்பிளையளுக்கு, அதுவும் குடும்பத்தைச் சுமந்த வயதில் விழுந்தவர்களுக்கு, முன்பின் தெரியாத ஒருவரிடம் "என்னால் நடக்க ஏலாது" என்று சொல்வது எவ்வளவு பெரிய விடயம் என்று எனக்குத் தெரியும். அதற்காக அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் கடிதம் வந்தபோது புள்ளி பத்துத்தான் இருந்தது.

பத்துப் புள்ளி என்றால் தடியோடு 20 மீற்றருக்கு மேல் நடப்பார், 50 மீற்றருக்கு மேல் நடக்கமாட்டார் என்று அர்த்தம். தடியோடோ தடியில்லாமலோ 20 மீற்றரைத் தாண்ட முடியாது என்றால்தான் பன்னிரண்டு. பிப்புக்கு முன்பிருந்த டிஎல்ஏ (DLA) கொடுப்பனவுக் காலத்தில் 50 மீற்றரைத்தான் எல்லோரும் கணக்கில் வைத்திருந்தார்கள். 2013இல் பிப் வந்தபோது அது 20 ஆகச் சுருங்கியது. நடக்கிற தூரத்தை வைத்துப் பார்க்கிறபோது, பாதி வரியா முழு விலக்கா என்பதைத் தீர்மானிப்பது இந்த இருபது மீற்றர்தான்.

சரி, கிடைத்ததை முதலில் எடுப்போம் என்று பாதி வரிக்கு அனுப்பினேன். அதை ஒன்லைனிலும் செய்ய முடியாது, தபாற்கந்தோரிலும் செய்ய முடியாது. சுவான்சியில் உள்ள டிவிஎல்ஏ என்ற வாகனப் பதிவு அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பவேண்டும்: பிப் வீதமும் திகதியும் உள்ள கடிதம், காரின் பதிவுப் பத்திரமான வி5சி, வரிக்கு விண்ணப்பிக்கிற வி10 படிவம், கார் ஓடத் தகுதியானது என்ற எம்ஓடி சான்றிதழ், பாதி வரிக்கான காசோலை. எல்லாவற்றையும் அனுப்புவதற்கு முதல் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதே கிழமையில் பிப் முடிவுக்கு மீள்பரிசீலனையும் கேட்டேன். முடிவுக் கடிதத்தின் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் கேட்கவேண்டும். "இருக்கிறதையும் பறிச்சுப்போடுவினம், பேசாமல் இருங்கோ" என்று சொந்தக்காரர் பலர் சொன்னார்கள். திரும்பப் பார்க்கும்போது கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம் என்பது உண்மை. அதனால்தான் கையில் என்ன ஆதாரம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு இறங்கவேண்டும்.

எங்கள் கையில் இருந்தது ஒரு அளவுநாடா. மகன் வாசலிலிருந்து இழுத்து அளந்தான். நாலாவது வீட்டு கேற்றோடு 20 மீற்றர் முடிகிறது. அப்பாவை நடக்கவைத்துப் பார்த்தோம். நல்ல நாளில் ஒருமுறை போனார். திரும்பிவர ஏலவில்லை, நாற்காலி கொண்டுபோனோம். இன்னொரு நாள் இரண்டாவது வீட்டோடு நின்றுவிட்டார். எல்லாவற்றையும் திகதியோடு கொப்பியில் எழுதினேன்: எவ்வளவு நேரம், எங்கே நின்றார், பிறகு எவ்வளவு நேரம் படுத்தார். ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கிற பிசியோதெரபிஸ்ட் ஒரு கடிதம் தந்தார். விழும் ஆபத்து, முழங்கால் பின்னுக்கு மடிவது எல்லாம் அதில் இருந்தது.

சட்டத்தில் ஒரு விடயம் இருக்கிறது, அதை எல்லோரும் நெஞ்சில் வைத்திருக்கவேண்டும். ஒருவர் ஒரு தூரத்தை நடப்பார் என்று சொல்வதானால், அதை அவர் பாதுகாப்பாக, ஏற்கத்தக்க விதமாக, வேண்டிய போதெல்லாம் திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்யக்கூடியவராக இருக்கவேண்டும். நியாயமான நேரம் என்றால், அந்தக் குறைபாடு இல்லாத ஒருவர் எடுக்கும் நேரத்தின் இருமடங்குக்கு மேல் போகக்கூடாது. என் கடிதம் முழுக்க இந்த நாலையும் வைத்தே எழுதினேன். "ஒருக்கால் போவார், ஆனால் பாதுகாப்பாக அல்ல. ஒருக்கால் போவார், ஆனால் அன்றைக்குத் திரும்ப அல்ல." என் கணவர் அதை வாசித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, உண்மைதானே, அனுப்பும்" என்றார்.

2023 கோடையில் பதில் வந்தது. பன்னிரண்டு புள்ளி, கூடிய வீதம்.

முழு விலக்குக்கு முதல் தடவை நாங்கள் தபாற்கந்தோருக்குப் போனோம். எல்லாத் தபாற்கந்தோரிலும் வாகன வரி வேலை செய்வதில்லை, விசாரித்துவிட்டுப் போங்கள். பிப் கடிதம், வி5சி, எம்ஓடி கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகப் பார்த்துச் செய்துதந்தார். காரின் வரி வகுப்பு 'டிஸேபிள்ட்' என்று மாறியது. ஏற்கெனவே கட்டிய வரியில் மிச்சமிருந்த முழு மாதங்களுக்கான காசு காசோலையாகத் திரும்பி வந்தது.

அந்த வகுப்பு மாறியதில் இன்னொரு பெரிய நன்மை இருந்தது, அதைப் பலர் கவனிப்பதில்லை. 2023 ஓகஸ்ட் 29இல் யூலெஸ் என்ற, புகை கூடிய வாகனங்களுக்கான கட்டணம் லண்டன் முழுவதற்கும் வந்தது. எங்களுடையதைப் போலப் பழைய டீசல் கார் தெருவில் இறங்கினாலே நாளுக்கு 12.50 பவுண். ஆனால் 'டிஸேபிள்ட்' வகுப்பில் பதிந்த வாகனங்களுக்கு 2027 ஒக்டோபர் 24 வரை அந்தக் கட்டணம் இல்லை. கிழமையில் பல நாள் பிசியோ, இரத்தப் பரிசோதனை என்று ஓடுகிற எங்களுக்கு ரோட் ராக்ஸை விட இதுதான் பெரிய ஆறுதலாக இருந்தது.

விலக்குக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு வாகனம்தான். கார் நோயாளியின் பெயரிலோ, அவர் நியமித்த ஓட்டுநரின் பெயரிலோ பதிந்திருக்கவேண்டும். அவருடைய தேவைக்கு மட்டுமே ஓடவேண்டும். அவருக்கு மருந்து எடுக்க நான் தனியாகப் போகலாம், அது அவருடைய தேவை. தோழியின் மகளின் சாமத்தியவீட்டுக்கு நான் மட்டும் போவது அப்படி அல்ல. நான் வேலைக்கு பஸ்ஸில்தான் போகிறேன். "ஆர் பாக்கப்போகினம்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: இந்தச் சலுகை எங்களைப் போன்றவர்களுக்குத் தொடர்ந்து இருக்கவேண்டும், அதைக் கெடுக்கிற வேலையை நான் செய்யமாட்டேன்.

வரி பூச்சியம் என்றாலும் ஒவ்வொரு வருடமும் காரை ராக்ஸ் பண்ணவேண்டும். கட்டுவதற்கு ஒன்றும் இல்லையே என்று விட்டால் அபராதம் வரும். காரை மாற்றினால் விலக்கு தானாகப் புதிய காருக்கு வராது, அதற்குத் திரும்பக் கேட்கவேண்டும். பிப் வீதம் குறைந்தால் வரி வகுப்பையும் மாற்றவேண்டும். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பு அந்தக் கார்களுக்கு யாருக்குமே வரி இல்லாததால், விலக்குக்கு உரியவர்கள் பலர் அதைப் பதியாமலே இருந்தார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் மின்சாரக் காருக்கும் வரி வந்துவிட்டது, 2017க்குப் பின் பதிந்த பெரும்பாலான கார்களுக்கு அந்த வருடம் 195 பவுண். உங்கள் வி5சியில் என்ன வகுப்பு என்று இன்றே எடுத்துப் பாருங்கள். பிப் நடமாட்டக் காசைக் கொடுத்துக் கார் வாடகைக்கு எடுக்கிற மொட்டபிலிற்றித் திட்டத்தில் கார் எடுத்தவர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை, அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு பிப் இல்லை, டிஎல்ஏதான். அதில் மொபிலிற்றியின் கூடிய வீதம் 3 வயதிலிருந்து கேட்கலாம், கிடைத்தால் பெற்றோர் பெயரில் உள்ள காருக்கும் விலக்கு உண்டு. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் தாய்மார் பலர் வெளியில் தெரிந்துவிடும் என்ற பயத்திலேயே படிவத்தைத் தொடுவதில்லை. தெரிந்தால் தெரியட்டும் தங்கச்சிமார். உங்கள் பிள்ளை தெருவில் ஓடிவிடும் என்ற பயத்தோடு பஸ் தரிப்பில் நிற்கிறவர் நீங்கள்தானே, கதைக்கிற சனம் அல்லவே.

இனி என் மாமாவின் கதை. கணவரின் தகப்பன், 79 வயது, பார்க்கின்சன். மகனை விடக் குறைவாகத்தான் நடப்பார், கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போகவே ஆள் வேண்டும். ஆனால் அவருக்கு வருத்தம் வந்தது எழுபது தாண்டி. அரச ஓய்வூதிய வயது கடந்தபின் புதிதாக பிப் கேட்க முடியாது, முதியோரின் பராமரிப்புக்கான அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்தான் கேட்கலாம். அதில் நடமாட்டப் பகுதி என்று ஒன்றே இல்லை. ஆகவே அவரை ஏற்றி இறக்குகிற மைத்துனரின் காருக்கு முழு வரி. ஒரே வீட்டுக் குடும்பம், நடக்க முடியாத இரண்டு பேர். ஒருவருக்கு 51இல் வந்தது, மற்றவருக்கு எழுபதுக்குப் பிறகு வந்தது. இந்த வயதுக்கோடு அநியாயம் என்றே நான் நினைக்கிறேன், எங்கள் பகுதி எம்பிக்கும் அப்படியே எழுதியிருக்கிறேன். நடக்க முடியாத கால் எந்த வயதிலும் நடக்க முடியாத கால்தான்.

ஆனால் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பிப் கிடைத்துவிட்டால், தகுதி இருக்கும்வரை வயது தாண்டியும் அது தொடரும். அறுபத்திநாலு, அறுபத்தைந்தில் முழங்கால் தேய்ந்தோ, நீரிழிவில் பாதம் மரத்தோ நடக்க முடியாமல் இருக்கிற அம்மா அப்பா, அத்தை மாமா உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். அந்த வயது 66 ஆக இருந்தது, 2026 ஏப்ரலிலிருந்து மெல்ல 67 ஆகிறது. கஷ்டம் மூன்று மாதமாக இருந்திருக்கவேண்டும், இன்னும் ஒன்பது மாதமாவது இருக்கும் என்று எதிர்பார்க்கவேண்டும். நீங்கள் போன் எடுத்துச் சொன்ன நாள்தான் விண்ணப்பித்த நாளாகக் கணக்கு. படிவம் அனுப்பப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் நிரப்பி அனுப்பவேண்டும், அவ்வளவுதான்.

கோயிலில் பூக்கட்டுகிற அக்கா ஒருவர் இருக்கிறார். பிறந்தநாள் வந்தால் 66. இரண்டு முழங்காலும் போய்விட்டது, படியேறும்போது பக்கத்தில் உள்ளவரின் தோளைப் பிடித்துத்தான் ஏறுவார். போன கிழமை அவரைப் பக்கத்தில் இருத்தி வைத்து என் போனிலேயே எடுத்துக் கொடுத்தேன். "எவ்வளவு தூரம் நடப்பீங்கள்?" என்று நானும் முதலே கேட்டுப் பார்த்தேன். "பரவாயில்லை பிள்ளை, மெல்ல மெல்ல நடப்பன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை படிவத்தோடும் அளவுநாடாவோடும் அவர் வீட்டுக்குப் போகிறேன்.