வயசாச்சுன்னு விட்டுடாதீங்க

"மேம்பாலம் ஏறினா மூச்சு வாங்குது, வயசாச்சுல்ல" என்று புளோக் கீழே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் சொல்லும்போது எனக்குப் பதறுகிறது. பல வருடம் சிகரெட் பிடித்தவர் அப்படிச் சொன்னால் வயதின் மேல் பழி போட்டு விட்டுவிடக் கூடாது.

எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் சிஓபிடி என்னும் மூச்சுக்குழாய் அடைப்பு நோய் இருக்கலாம். அதை உறுதிசெய்ய ஸ்பைரோமெட்ரி என்னும் மூச்சுப் பரிசோதனை வேண்டும். மூச்சை முழுக்க இழுத்து, குழாயில் வேகமாக, காற்றே மிச்சமில்லை என்னும்வரை ஊத வேண்டும். ஊதிய மொத்தக் காற்றில் முதல் விநாடியில் வெளியேறியது எவ்வளவு என்று பார்ப்பார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அது 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். (வயது கூடக்கூட இந்த அளவு இயல்பாகவே குறையும். அதனால் 70ஐ ஒட்டி வந்தால் மருத்துவர் அறிகுறிகளையும் சேர்த்துத்தான் முடிவெடுப்பார்.)

பாதியில் ஊதுவதை நிறுத்தினால் முடிவு தப்பாகிவிடும். அதனால் பிள்ளைகள் யாராவது கூடப் போங்கள். "இன்னும் ஊதுங்கப்பா, இன்னும்" என்று தமிழில் சொல்ல ஆள் இருந்தால் அவர்களுக்குத் தெம்பு வரும்.

அப்புறம், செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். சிஓபிடி சிகிச்சைக்கு மெடிசேவ் (சிங்கப்பூரில் நம் பெயரில் இருக்கும் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பயன்படுத்தலாம். அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது மருத்துவரிடம் இந்தப் பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள்.