ஒரு காஸ் குறைகிறது
ஆபரேஷன் தியேட்டரில் சேர்ந்த புதிதில், டாக்டர் கை நீட்டும் முன்பே சரியான கருவியை எடுத்து வைப்பதுதான் திறமை என்று நினைத்திருந்தேன். அது பழகிவிடும். ஆறு மாதத்தில் எனக்கே வந்துவிட்டது, கொஞ்சம் தலைக்கனமும் கூடவே வந்தது.

அப்புறம் ஒரு நாள். வயிற்றைத் தைத்து மூடும் முன், ரத்தம் ஒற்றும் காஸ் துணிகளை எண்ணுகிறோம், ஒரு காஸ் குறைகிறது. டாக்டருக்கு அவசரம், "உள்ளே எதுவும் இல்லை, நான் பார்த்துவிட்டேன்" என்கிறார். நானாக இருந்தால் தலையாட்டியிருப்பேன். சீனியர் அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "சார், கணக்கு சரியாகும்வரை மூட வேண்டாம்." அவ்வளவுதான். தேடினோம். பக்கெட்டில், ரத்தத்தில் ஊறி இன்னொன்றோடு ஒட்டிக் கிடந்தது. கிடைக்காமல் போயிருந்தால் எக்ஸ்ரே எடுத்திருப்போம். காஸுக்குள் எக்ஸ்ரேயில் தெரியும் இழை வைப்பதே அதற்காகத்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில் 19 அம்சங்கள்தான். மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன் என்று மூன்று முறை நிறுத்திக் கேட்க வேண்டும். எட்டு மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. அதையும் வாய் பேசாமல் டிக் அடித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. (நானும் அடித்திருக்கிறேன்.)

இன்றைக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி, நடுவில் என்னை நிறுத்தி, "அக்கா, இன்னொரு தடவை எண்ணலாமா?" என்றாள். எண்ணினோம். சரியாகத்தான் இருந்தது.